போர்ச்சுகீசிய மொழியும் நாம் கற்ற இலக்கணமும்



"ஜன்னலைத் திற. சாவி மேசையின்மேல் இருக்கிறது. துவாலையை அலமாரியில் வை." நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு இது. இம்மூன்று சிறு வாக்கியங்களிலே ஐந்து போர்ச்சுகீசியச் சொற்கள் அமைந்திருக்கின்றன என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஜனேலா என்பது ஜன்னல் ஆயிற்று. ஷாவி என்பது சாவி ஆயிற்று. மேஸா மேசையாகவும், துவால்யா துவாலையாகவும், அர்மாரியு அலமாரியாகவும் நம்மிடையே குடிபுகுந்தன. 1498-ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், போர்ச்சுகீசியர் நம் கடற்கரைகளில் வாணிகம் செய்தும், கோட்டை கட்டியும், சமயம் பரப்பியும் வாழ்ந்தனர். அக்காலத் தொடர்பின் அடையாளங்களே இச்சொற்கள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பர். செருப்பு வகையைச் சப்பாத்து என்பர். அடுக்களையைக் குசினி என்பர். இவையும் அவ்வழி வந்தவையே.

ஆனால் சொற்கள்தாம் வந்தன. அவற்றை இணைத்து வாக்கியமாக்கும் இலக்கணம் வரவில்லை. அவ்விலக்கணத்தின் முதற்படிகளை எளிய அன்றாட வாக்கியங்களைக் கொண்டு விளக்குவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

போர்ச்சுகீசியம் சிறிய நாடொன்றின் மொழி என்று கருதிவிட வேண்டா. போர்ச்சுகலைக் காட்டிலும் பன்மடங்கு மக்கள் அதனைப் பிரேசிலில் பேசுகின்றனர். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு, கேப் வெர்டி, கிழக்குத் திமோர் முதலிய நாடுகளிலும் அஃது ஆட்சிமொழியாக விளங்குகிறது. உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பேசுகின்றனர். கல்வியின் பொருட்டோ, தொழிலின் பொருட்டோ அதனைக் கற்கப் புகும் தமிழ் மாணவர் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் துணையையே நாடுகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆயினும், ஆங்கிலத்தின் வழியே மட்டும் நோக்குவோர்க்குக் கடினமாகத் தோன்றும் சில இடங்கள், தமிழ் இலக்கணத்தின் வழியே நோக்குவோர்க்கு மிக எளியனவாகத் தோன்றுகின்றன. எழுவாய், பயனிலை, விகுதி, வேற்றுமை என்று பள்ளியில் நாம் உருப்போட்ட சொற்கள் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. பிறமொழியொன்றை அறிதற்கும் அவை கருவியாகும். இதனையே இன்று நான் மெய்ப்பித்துக் காட்ட விரும்புகிறேன்.

முதலில் ஒலி பற்றிச் சில சொற்கள். நான் லிஸ்பன் நகர வழக்கை ஒட்டியே சொற்களை ஒலிக்கிறேன். அங்குச் சொல்லின் ஈற்றில் நிற்கும் ஸகரம் ஷகரம்போல ஒலிக்கும். பிரேசிலின் பெரும்பகுதியில் அது ஸகரமாகவே நிற்கும். சொல்லீற்றில் அழுத்தமின்றி வரும் ஒகரம் உகரமாகக் குறுகும். நூல் என்னும் பொருளுடைய சொல்லை எழுதுங்கால் ஈற்றில் ஒகரம் இட்டு எழுதுவர். ஒலிக்குங்கால் லீவ்ரு என்பர். நம் குற்றியலுகரத்தை அறிந்தவர்க்கு இவ்வொலி வியப்பளிக்காது. ஈற்றில் வரும் எகரமோ, லிஸ்பனில் கேட்டும் கேளாததுமாகத் தேய்ந்துவிடும். பிரேசிலில் இகரமாக ஒலிக்கும். நான் இகரமிட்டே சொல்கிறேன்.

மற்றொன்று மூக்கொலி. ரொட்டிக்குரிய சொல் பௌங் என்பது. இங்கே இறுதியில் நிற்கும் ஙகர ஒற்றை முழுதாக ஒலித்தல் கூடாது. ஔகாரத்தை மூக்கின் வழியே விட்டு ஒலிப்பதற்கு அஃது ஓர் அடையாளமே. நம் முன்னோர் இம்மூக்கொலியைக் கேட்டபோது, தமக்கு இயன்றவாறு ஒரு மெல்லெழுத்தைச் சேர்த்துக்கொண்டனர். புத்தௌங் என்பது பொத்தான் என னகரம் பெற்றது. லெய்லௌங் என்பது ஏலம் என மகரம் பெற்றது. இலங்கையில் பௌங் என்பது பாண் என ணகரம் பெற்றது. ஒரே ஒலி மூன்று மெல்லெழுத்துகளாய் மாறிய அழகைக் காண்க.

இனி இலக்கணத்திற்கு வருவோம். ஒருவரையொருவர் காணும்போது கூறும் வணக்கவுரையிலிருந்தே தொடங்கலாம். காலையில் போர்ச்சுகீசியர் "போங் தீயா" என்பர். நல்ல நாள் என்பது அதன் பொருள். பிற்பகலில் "போவா தார்தி" என்பர். இரவில் "போவா நோய்தி" என்பர். நாளுக்குப் போங் என்று கூறியவர்கள், பிற்பகலுக்கும் இரவுக்கும் போவா என்று ஏன் மாற்றினர்? நாள் ஆண்பால், பிற்பகலும் இரவும் பெண்பால். இதுவே காரணம்.

இங்கே தமிழ் மாணவர் சற்றுத் திகைப்பர். நம் மொழியில் பால் என்பது பொருளை ஒட்டியது. மக்களுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு, மேசைக்கும் நாளுக்கும் அப்பாகுபாடு இல்லை, அவை அஃறிணை. போர்ச்சுகீசியத்தில் அஃறிணை என்று தனித்திணை இல்லை. ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ இருந்தே தீரவேண்டும். மேசை பெண்பால், நூல் ஆண்பால். ஜன்னல் பெண்பால், பொத்தான் ஆண்பால். இப்பாகுபாடு பொருளின் இயல்பைப் பற்றியதன்று. சொல்லின் இயல்பைப் பற்றியது. மேசையிடத்தில் பெண்மை யாது என்று ஆராய்வது வீண்.

பாலை அறிவதற்கு வழி யாது? பெயரின் முன்னே ஒரு சிறு சொல் வரும். ஆண்பாற் பெயருக்கு உ. பெண்பாற் பெயருக்கு அ. உ லீவ்ரு என்றால் நூல். அ காஸா என்றால் வீடு. பன்மையாயின் உஷ் என்றும் அஷ் என்றும் ஆகும். உஷ் கோப்புஷ் என்றால் குவளைகள். அஷ் காஸாஷ் என்றால் வீடுகள். பொதுவாக, உகர ஒலியில் முடிவன ஆண்பால் என்றும், அகர ஆகாரங்களில் முடிவன பெண்பால் என்றும் கொள்ளலாம். ஆனால் புறனடைகள் உண்டு. தீயா என்பது ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பாலே. பௌங், அஃதாவது ரொட்டி, ஆண்பால். அதே ஒலியில் முடியும் மௌங், அஃதாவது கை, பெண்பால். ஆதலின் புதுச்சொல் ஒன்றைக் கற்கும்போதே அதன் முன்னிற்கும் உ, அ என்பதையும் சேர்த்தே மனத்தில் இருத்துக. மேஸா என்று தனியே கற்காமல் அ மேஸா என்று கற்க வேண்டும்.

இப்பால் வேறுபாடு பெயரோடு நில்லாது, அதனைச் சார்ந்த அடைமொழிக்கும் பரவும். உ லீவ்ரு நோவு என்றால் புதிய நூல். அ காஸா நோவா என்றால் புதிய வீடு. தமிழில் புதிய என்னும் பெயரெச்சம் எப்பெயரோடு சேரினும் மாறாது. அவர்கள் மொழியிலோ நோவு, நோவா, நோவுஷ், நோவாஷ் என நான்காக மாறும். அடைமொழி பெரும்பாலும் பெயருக்குப் பின்னே நிற்பதையும் காண்க.

இம்மாற்றம் நமக்கு முற்றிலும் புதியதா? அன்று. புதிய என்பது மாறாவிடினும், புதியவன், புதியவள், புதியவர், புதியது, புதியவை என்று நாமும் சொல்கிறோம் அல்லமோ? நூல் புதியது, நூல்கள் புதியவை. எழுவாயின் திணை பால் எண்களை நோக்கி அதன் பயனிலை மாறுகிறது. அவ்வொப்புமையைப் பெயரை ஒட்டி நிற்கும் அடைமொழிக்கும் அவர்கள் நீட்டினர் என்று கொண்டால் அச்சம் நீங்கும்.

நன்றி கூறும் சொல்லும் இதனை விளக்கும். ஆடவன் நன்றி கூறும்போது ஒப்ரிகாது என்பான்; பெண் கூறும்போது ஒப்ரிகாதா என்பாள். கேட்பவர் யார் என்பது இங்கே பொருட்டன்று. கூறுபவரின் பாலே நோக்கப்படும். அச்சொல்லுக்குக் கடமைப்பட்டவன், கடமைப்பட்டவள் என்பது நேர்ப்பொருள். கடமைப்பட்டவன் என்று ஒரு பெண் தன்னைக் கூறிக்கொள்ளாள் அன்றோ? தமிழின் வழியே நோக்கினால் இவ்விதியை மனப்பாடம் செய்யவும் வேண்டுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். என் நூல் என்பது உ மேவு லீவ்ரு. என் வீடு என்பது அ மிஞா காஸா. இங்கே மேவு, மிஞா என்னும் வேறுபாடு உடையவரைப் பற்றியதன்று, உடைமையைப் பற்றியது. ஆடவன் கூறினும் பெண் கூறினும் வீடு மிஞா காஸாதான். தமிழில் என் என்பது எங்கும் மாறாது நிற்பதால், இவ்விடத்தில் நாம் தவறுவது இயல்பு.

நிற்க. இனி வினைச்சொல்லை நோக்குவோம். தமிழ் மாணவர் மகிழ வேண்டிய இடம் இதுவே. பேசுதல் என்பதற்கு ஃபலார் என்பது சொல். அதன் நிகழ்கால வடிவங்களைக் கூறுகிறேன்: ஃபாலு, பேசுகிறேன், ஃபாலஷ், பேசுகிறாய், ஃபாலா, பேசுகிறான் அல்லது பேசுகிறாள், ஃபலாமுஷ், பேசுகிறோம், ஃபாலௌங், பேசுகிறார்கள்.

ஆங்கிலத்தில் வினையின் ஈறு படர்க்கை ஒருமையில் மட்டுமே மாறும். ஆதலின் நான், நீ, நாம் என்னும் சொற்களை அங்கு விடாது கூறவேண்டும். போர்ச்சுகீசியத்திலோ இடமும் எண்ணும் வினையின் விகுதியிலேயே விளங்கிவிடுகின்றன. ஃபாலு என்ற அளவிலேயே பேசுபவர் நான் என்பது தெளிவாகிறது. நான் என்னும் பொருளுடைய ஏவு என்ற சொல் அம்மொழியில் உண்டு. ஆயினும் வற்புறுத்திக் கூறும்போதே அது பெரிதும் வேண்டப்படும். பிரேசில் நாட்டுப் பேச்சில் அதனைச் சற்று மிகுதியாகக் கேட்கலாம். "நாளை வருகிறேன்" என்று நாம் சொல்லும்போது எழுவாய் எங்கே என்று எவரும் தேடுவதில்லை. தோன்றா எழுவாய் என்று நம் இலக்கணம் அதற்குப் பெயரும் இட்டுவைத்திருக்கிறது. ஆங்கில வழியில் கற்போர் இதனைப் புது விதியாகக் கற்கின்றனர். நாமோ பிறந்தது முதல் இவ்வாறே பேசி வருகிறோம்.

வேறுபாடுகளும் உள. பேசுகிறான், பேசுகிறாள் என்று தமிழ் வினை பால் காட்டும். போர்ச்சுகீசிய வினை பால் காட்டாது. ஏலி ஃபாலா என்றால் அவன் பேசுகிறான். எலா ஃபாலா என்றால் அவள் பேசுகிறாள். வினை இரண்டிடத்தும் ஒன்றே. உயிரற்ற மேசைக்குப் பால் வகுத்த மொழி, உயிருள்ள மாந்தரின் வினையில் பாலை விட்டுவிட்டது! மேலும், நாம், நாங்கள் என்று கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் கூறும் நயம் தமிழில் உண்டு. அவர்களிடம் நொஷ் என்னும் ஒரே சொல்தான் உண்டு. காலங்காட்டும் முறையும் வேறு. பேசினேன் என்பதில் இன் என்னும் இடைநிலை காலத்தைக் காட்டுகிறது. ஏன் என்னும் விகுதி இடத்தைக் காட்டுகிறது. அவர்கள் ஃபலெய் என்பர். அதில் எய் என்னும் ஒரே ஈறு காலம், இடம், எண் மூன்றையும் சேர்த்துக் காட்டுகிறது, பிரிக்க இயலாது.

வினைகள் யாவும் ஆர், ஏர், ஈர் என்னும் ஈறுகளால் மூவகைப்படும் என்று தொடக்கத்தில் அறிந்துகொண்டால் போதும். ஃபலார் பேசுதல், கொமேர் உண்ணுதல், பர்த்தீர் புறப்படுதல். தன்மை ஒருமையில் மூன்றும் உகரமே பெறும்: ஃபாலு, பேசுகிறேன், கோமு, உண்கிறேன், பார்த்து, புறப்படுகிறேன். இறுதிச் சொல்லைக் கேட்டு நம் பார்த்தலோடு மயங்க வேண்டா. சில வினைகள் இவ்விதிக்கு அடங்கா. அவற்றைப் பழக்கத்தால்தான் அறியவேண்டும்.

அடுத்து, கற்போரைப் பெரிதும் மயக்கும் ஒரு பகுதிக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஒரே வினையாற் கூறப்படும் இருத்தற் பொருளைப் போர்ச்சுகீசியர் ஸேர், எஷ்தார் என்னும் இரண்டு வினைகளாற் கூறுவர். எவ்விடத்தில் எதனை வழங்குவது? நிலைத்த தன்மைக்கு ஸேர், மாறும் நிலைக்கு எஷ்தார் என்று பாடநூல்கள் கூறும். அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் தமிழ் மாணவர்க்கு இன்னும் எளிய வழியொன்று உண்டு.

நான் மாணவன் என்று சொல்கிறோம். இதில் வினையே இல்லை; பெயரே பயனிலையாய் நிற்கிறது. வீட்டில் இருக்கிறேன் என்று சொல்கிறோம். இங்கே இரு என்னும் வினை வருகிறது. இவ்வேறுபாட்டைப் போர்ச்சுகீசியத்தில் வைத்துப் பாருங்கள். "ஸோ எஷ்துதாந்தி" என்றால் நான் மாணவன், இது ஸேர். "எஷ்தோ எய்ங் காஸா" என்றால் வீட்டில் இருக்கிறேன், இஃது எஷ்தார். பனிக்கட்டி குளிர்ச்சியானது என்று பொருளின் இயல்பைக் கூறுங்கால், "உ ஜேலு எ ஃப்ரீயு" என்பர். இதில் வரும் எ என்பது ஸேரின் வடிவம். தேநீர் சில்லென்று இருக்கிறது என்று அப்போதைய நிலையைக் கூறுங்கால், "உ ஷா எஷ்தா ஃப்ரீயு" என்பர். காப்பி சூடாக இருக்கிறது என்பது "உ கஃபெ எஷ்தா கேந்தி" ஆகும். பெயர்ப் பயனிலையும் குறிப்பு வினையும் வருமிடத்தில் ஸேர். இருக்கிறது என்னும் வினை வருமிடத்தில் எஷ்தார். இதனை முதல் அளவுகோலாகக் கொள்ளலாம்.

எனினும் அளவுகோல் எல்லா இடத்திற்கும் பொருந்திவிடாது. நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்க விரும்பினால், "ஓந்தி எ அ எஷ்தஸௌங்" என்று ஸேரையே வழங்குவர். நிலையம் இடம்பெயராத கட்டடம் ஆதலின் அவ்வாறு கூறுவர். அவள் அழகாக இருக்கிறாள் என்று தமிழில் ஒரே வகையாற் கூறுவதை அவர்கள் இரு வகையாற் கூறுவர். அவள் இயல்பாகவே அழகி என்றால் ஸேர். இன்று அழகாய்த் தோன்றுகிறாள் என்றால் எஷ்தார். ஆகவே, ஐயம் எழும்போது, கூறப்படுவது இயல்பா, அப்போதைய நிலையா என்று வினவிக்கொள்ள வேண்டும்.

இச்சொற்களின் பிறப்பும் அறியத்தக்கது. எஷ்தார் என்பது நிற்றலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஸேர் என்னும் வடிவமோ உட்காருதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் இருத்தல் என்பதற்கும் உட்காருதல் என்னும் பொருள் உண்டு. உடல் நிற்பதையும் அமர்வதையும் குறித்த சொற்களே, தொலைவில் உள்ள இரு மொழிகளிலும், உளதாதல் என்னும் அரிய பொருளைத் தாங்கி நிற்கின்றன.

இனி வேற்றுமைக்கு வருவோம். நாம் வேற்றுமை உருபைப் பெயரின் பின்னே சேர்க்கிறோம். அவர்கள் தனிச்சொல்லாகப் பெயரின் முன்னே வைப்பர். வீட்டில் என்பதை எய்ங் காஸா என்பர். எய்ங் என்பது நம் இல் உருபுக்கு இணை. கொங் என்பது ஓடு, உடன் என்பவற்றுக்கு இணை. வெண்ணெயுடன் ரொட்டி என்பது "பௌங் கொங் மந்தெய்கா". தி என்பது உடைய என்பதற்கு இணை. பரா என்பது கு உருபுக்கு இணை.

இவற்றுட் சில, பெயரின் முன்னிற்கும் உ, அ என்பவற்றோடு புணர்ந்து உருமாறும். தி என்பதும் உ என்பதும் புணர்ந்து து ஆகும். தி என்பதும் அ என்பதும் புணர்ந்து தா ஆகும். வீட்டின் கதவு என்பது "அ போர்த்தா தா காஸா". எய்ங் என்பதும் அ என்பதும் புணர்ந்து நா ஆகும். "நா மேஸா" என்றால் மேசையில். திரிதல் கெடுதல்களை நன்னூலிற் பயின்றவர்கள், இதுவும் ஒரு புணர்ச்சியே என்று எளிதில் ஏற்றுக்கொள்வர்.

சொற்களின் வரிசையில் நம் வழி வேறு. நான் ரொட்டி உண்கிறேன் என்று வினையை இறுதியில் வைப்பது தமிழ் மரபு. "கோமு பௌங்" என்று வினையை முன்னும் செயப்படுபொருளைப் பின்னும் வைப்பது அவர் மரபு. இவ்விடத்தில் ஆங்கிலப் பயிற்சி நமக்குத் துணைசெய்யும் என்பதை மறுப்பதற்கில்லை.

பசி, தாகம் முதலியவற்றைக் கூறும் முறை மிகவும் சுவையானது. எனக்குப் பசிக்கிறது என்று நாம் நான்காம் வேற்றுமையாற் கூறுகிறோம். அவர்கள் "தேஞு ஃபோமி" என்பர். பசியை உடையேன் என்பது அதன் பொருள். "தேஞு ஸேதி" தாகத்தை உடையேன். "தேஞு ஸோனு" உறக்கத்தை உடையேன். "தேஞு மேது" அச்சத்தை உடையேன். வயதையும் இவ்வாறே கூறுவர். எனக்கு இருபது வயது என்பது "தேஞு வீந்தி ஆனுஷ்", அஃதாவது இருபது ஆண்டுகளை உடையேன். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து, "நான் பசியாக இருக்கிறேன்" என்னும் வகையில் ஸேரை இட்டுச் சொல்வோர், பசியே நான் என்று சொன்னவர் ஆவர். அதைக் கேட்போர் நகைப்பர். தமிழை அப்படியே பெயர்ப்போரும் இங்குத் தவறுவர். எனினும் பசி என்பது நாம் ஆவதன்று, நம்மிடம் வருவது என்னும் உணர்வு தமிழில் உண்டு. அவ்வுணர்வு இங்கே நம்மை வழிதவறாமற் காக்கும்.

தலைவலியைக் கூறுமிடத்திலோ இரு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன. "தோய்-மி அ கபேஸா" என்பர். தோய் என்பது வலிக்கிறது. மி என்பது எனக்கு. அ கபேஸா என்பது தலை. எனக்குத் தலை வலிக்கிறது என்னும் நம் வாக்கியம் அப்படியே நிற்கிறது. தலை எழுவாய், வலிக்கிறது பயனிலை, எனக்கு நான்காம் வேற்றுமை. போர்ச்சுகலில் நோயுற்ற மாணவனொருவன் மருத்துவரிடம் செல்ல நேரின், இவ்வொரு வாக்கியத்தை அவன் ஐயமின்றிச் சொல்லலாம்.

வினாவும் விடையும் இன்னும் நெருக்கமானவை. "ஃபாலா போர்த்துகேஷ்?" என்று கேட்டால், போர்ச்சுகீசியம் பேசுவீர்களா என்பது பொருள். வாக்கியத்தின் வரிசை மாறவில்லை; குரலின் ஏற்றமே வினாவாக்குகிறது. இதற்கு உடன்பாட்டு விடை யாது? ஆம் என்னும் பொருளில் ஸீங் என்றும் கூறலாம். ஆனால் இயல்பான விடை "ஃபாலு" என்பதே; பேசுவேன் என்பது பொருள். "வருவாயா?" என்று கேட்டால் "வருவேன்" என்கிறோம். ஆம் என்று மட்டும் கூறுவது ஏட்டுத் தமிழாகத் தோன்றும். வினாவில் வந்த வினையையே விடையாக்குதல் இரு மொழிக்கும் பொது. எதிர்மறைக்கு நௌங் என்பதை வினையின் முன்னே வைக்க வேண்டும். "நௌங் ஃபாலு" என்றால் பேசமாட்டேன், பேசுவதில்லை என்பதாகும்.

இறுதியாக மரியாதை வழக்கு. நண்பரிடத்தும் வீட்டாரிடத்தும் போர்ச்சுகலில் து என்பர்; அது நம் நீ. மதிப்புக்குரியவரை நேரே அவ்வாறு அழைத்தல் கூடாது. ஆடவராயின் உ ஸெஞோர் என்றும், பெண்டிராயின் அ ஸெஞோரா என்றும் கூறி, வினையைப் படர்க்கையில் வைப்பர். "உ ஸெஞோர் ஃபாலா போர்த்துகேஷ்?" என்றால், ஐயா போர்ச்சுகீசியம் பேசுவாரா என்பதுபோல் அமையும். நாம் பன்மையால் உயர்த்துகிறோம். அவர்கள் முன்னிலையைப் படர்க்கையாக்கி உயர்த்துகின்றனர். பிரேசிலில் பெரிதும் வழங்கும் வொஸே என்னும் சொல், தங்கள் அருள் என்னும் பொருளுடைய பழந்தொடர் தேய்ந்து அமைந்தது. ஆதலின் அதற்கும் படர்க்கை வினையே வரும். போர்ச்சுகலில் வொஸே என்பது சில இடங்களில் மதிப்புக் குறைவாகவும் கொள்ளப்படும். ஐயமுள்ள இடத்தில் உ ஸெஞோர், அ ஸெஞோரா என்பனவே சாலச் சிறந்தன. பெரியோரை நீ என்று சொல்லக் கூசும் தமிழ் மாணவர்க்கு இதன் தேவையை விளக்க வேண்டுவதில்லை.

அறிந்த இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு அறியாத மொழியை அளப்பது புதிய வழியன்று. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் என்னும் என்றிக்கே என்றிக்கஸ், போர்ச்சுகலிலிருந்து வந்து தமிழ் கற்றவர். தாம் பயின்றிருந்த இலத்தீன் இலக்கண முறையைத் துணையாகக் கொண்டு, தமிழின் பெயர்களையும் வினைகளையும் வகுத்துப் போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். 1549-ஆம் ஆண்டையொட்டி அது உருவாயிற்று. 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில், தமிழும் போர்ச்சுகீசியமும் இணைந்த சிறு சமயநூலொன்று, தமிழை உரோமன் எழுத்துகளில் அமைத்து அச்சாயிற்று. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. 1679-இல் அந்தௌங் தி புரோவென்ஸா தொகுத்த தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி அம்பலக்காட்டில் வெளிவந்தது. அவர்கள் தம் இலக்கணத்தின் வழியே நம் மொழிக்கு வந்தனர். நாம் நம் இலக்கணத்தின் வழியே அவர் மொழிக்குச் செல்வதில் தடை யாது?

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். வினை விகுதியிலும், தோன்றா எழுவாயிலும், வினாவுக்கு வினையால் விடையிறுப்பதிலும், இருத்தலை இரு வகையாற் காண்பதிலும் தமிழ் நமக்குத் துணைநிற்கிறது. பொருள்களின் பாலிலும், அடைமொழியின் மாற்றத்திலும், உருபின் இடத்திலும், சொல்வரிசையிலும் அது துணைநில்லாது; அங்கே விழிப்பு வேண்டும். எங்கே ஒக்கும், எங்கே ஒவ்வாது என்று அறிதலே கற்றலின் பாதி.

கற்க விரும்புவோர் நாளொன்றுக்கு ஐந்து வாக்கியங்கள் போதும் என்று தொடங்குக. அவற்றைக் காகிதத்தில் எழுதி, எழுவாய் யாது, பயனிலை யாது, விகுதி எதைக் காட்டுகிறது, பெயரின் பால் யாது என்று தமிழிலேயே குறித்து வைக்க. பின்னர் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பழகுக. ஒரு திங்களில் நூற்றைம்பது வாக்கியங்கள் கைவசமாகும். அவ்வளவையும் பிழையின்றிச் சொல்ல வல்லவர், லிஸ்பன் நகரத் தெருவில் வழி கேட்கவும், கடையில் ரொட்டியும் காப்பியும் வாங்கவும், நன்றி கூறி விடைபெறவும் அஞ்ச வேண்டுவதில்லை.